பீப் அடித்த பிறகு

நீலிக்குட்டையில் பொழுதுபோக என்ன இருக்கிறது என்று இப்போது எவனும் கேட்பதில்லை. நான் மனை விற்றுக்கொண்டிருந்த காலத்தில் வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் முதல் கேள்வி. சோளக்காட்டுக்கு நடுவில் நாலு கல்லை நட்டுவிட்டு, வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, "இங்க பூங்கா வருதுங்க, அக்கட்ட தியேட்டர் வருதுங்க, குட்டையில படகு விடப் போறாங்க" என்று கையை நீட்டிக் காட்டுவேன். நீட்டிய இடத்தில் எருமை நிற்கும். கோயம்புத்தூரிலிருந்து இருபதே நிமிடம் என்பேன். ஹெலிகாப்டரில் போனால் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

கூத்தைப் பாருங்கள், நான் அளந்துவிட்டதெல்லாம் ஒன்றுவிடாமல் வந்துவிட்டது. குட்டையைத் தூர்வாரிச் சுற்றிலும் நடைபாதை போட்டார்கள். வாத்து வடிவத்தில் படகு மிதக்கிறது. மூன்று திரை வைத்த தியேட்டர், இறகுப்பந்து மைதானம், பொருட்காட்சித் திடல், திடலை ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள். ஞாயிறு மாலையில் பெரிய வீதியில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். சின்னதுகளும் பெரிசுகளும் நடுரோட்டில் சைக்கிள் விட்டும் ஆடியும் கும்மாளம் போடுகிறார்கள்.

எல்லாம் வருகிற நேரத்தில் நான் விழுந்தேன். கைப்பிடிச் சுவர் கட்டாத மொட்டை மாடி. வீடு பார்க்க வந்தவரிடம், "இங்கிருந்து பார்த்தா மருதமலையே தெரியுமுங்க" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து காட்டினேன். அவர் வீட்டை வாங்கவில்லை. எனக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

பேச முடியும், தலையைத் திருப்ப முடியும், சாப்பிட முடியும். சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கிவிடுவேன். ஆகவே இந்தப் பூபதிக்கு ஊர் என்பது ஜன்னல் வழியாகத் தெரியும் ஒரு முருங்கை மரமும், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான். என் மனைவி வாணிக்கும் அதேதான். என்னைப் புரட்டிப் படுக்க வைப்பதும் துடைப்பதும் ஊட்டுவதுமாக அவள் நாள் போனது. கடைக்குப் போனால்கூடப் பால் பொங்குகிற அவசரத்தில் ஓடி வருவாள். "சித்த நேரம் வெளிய போய்ட்டு வா அம்மிணி" என்று எத்தனை தடவை சொன்னாலும், "நீங்க இங்க இருக்கறப்ப எனக்கென்னங்க வெளிய வேலை?" என்று முடித்துவிடுவாள். குண்டாக, கலகலவென்று இருந்தவள் கன்னம் ஒட்டிப்போனாள்.

அப்போதுதான் நஸ்ரீன் அந்த வில்லையைக் கொண்டுவந்தாள். நஸ்ரீன் எனக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் பெண். மறுவாழ்வு மையத்தில் வேலை. வில்லை சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"அக்கா ஒன்னைப் போட்டுட்டு வெளிய போவாங்க. அவங்க பாக்கறது, கேக்கறது, திங்கறது எல்லாம் பதிவாகும். வீட்டுக்கு வந்ததும் இந்தப் பெட்டியில வெச்சுட்டா, உங்க காதுல இருக்கற இன்னொரு வில்லை வழியா அப்படியே உங்களுக்கு வருமுங்ணா" என்றாள்.

"சினிமா மாதிரியா?"

"இல்லீங்ணா. சினிமாவை நீங்க வெளிய இருந்து பாப்பீங்க. இதுல நீங்க அவங்களாவே இருப்பீங்க. அவங்க காலு நடந்தா உங்க காலு நடக்கும். பஜ்ஜி அவங்க நாக்குல பட்டா உங்க நாக்குல காரம் இருக்கும்."

"நினைக்கிறதெல்லாம் தெரியுமா புள்ளே?" என்று வாணி பயந்துபோய்க் கேட்டாள்.

"வார்த்தையா எதுவும் வராதுங்கக்கா. ஆனா மனசு எப்படி இருக்கோ அது வரும். சந்தோஷம், துக்கம், பயம். அதை மட்டும் வடிகட்டச் சொல்லி நிறையப் பேரு கேக்கறாங்க. முடியாது. ருசிங்கறதே பாதி மனசுதானுங்களே."

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். எனக்காக என்றதும் வாணி கிளம்பிவிட்டாள். ஞாயிறு மாலை என் தம்பி வந்து, போனைப் பார்த்தபடி எனக்குக் காவல் இருப்பான். வாணி தலை வாரி, பூ வைத்து, காதுக்குப் பின்னால் வில்லையை ஒட்டிக்கொண்டு போவாள். எதற்காகவானாலும் வெளியே போகிறாளே என்று எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

முதல் பதிவு, குட்டையைச் சுற்றி ஒரு நடை. கண்ணை மூடினேன், திறந்தேன், நடந்தேன். ஐயோ சாமி, நடந்தேன்! காற்று முகத்தில் பட்டது. பையன்கள் படகில் கூச்சல் போட்டார்கள். ஆனால் நெஞ்சில் ஒரு கல். அம்மிக்கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு நடப்பது போல. வாத்துப் படகைப் பார்த்தால் கல் கனத்தது. கணவனும் மனைவியுமாக யாராவது எதிரே வந்தால் இன்னும் கனத்தது. மிளகாய் பஜ்ஜி வாங்கி வாயில் வைத்ததும் அது இறங்க மறுத்தது. அந்தக் கல் என்னவென்று எனக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. அந்தக் கல் நான்தான்.

அவள் எதைப் பார்த்தாலும், "இவருக்கு இது இல்லையே" என்று பார்த்தாள். அந்த வார்த்தை வரவில்லை, அதன் கனம் மட்டும் வந்தது. நான் குட்டைக்குப் போகவில்லை. கட்டிலில் கிடக்கும் என்னை அவள் கண்ணால் பார்த்துக்கொண்டு குட்டையைச் சுற்றி வந்தேன். படுத்துக் கிடப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். என்னைப் பார்த்துப் பரிதாபப்படும் நெஞ்சுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா? எதிரிக்கும் வேண்டாம்.

கண்ணைத் திறந்தேன். வாணி பக்கத்தில் நின்றாள்.

"எப்படிங்க மாமா இருந்துச்சு?"

"அடேங்கப்பா! பிரமாதம் அம்மிணி. நேர்ல போன மாதிரி இருந்துச்சு" என்றேன். எருமை நின்ற இடத்தில் தியேட்டரைக் காட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு பொய்யா? உண்மையைச் சொன்னால் அடுத்த ஞாயிறு அவள் வெளியே போக மாட்டாள். வாரத்தில் அந்த ஒரு சாயங்காலத்தைத்தான் நான் அவளுக்குக் கொடுக்க முடிந்தது. அதையும் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஊரை எனக்கு அள்ளிக்கொண்டு வந்தாள். தியேட்டர், நாய்க் கண்காட்சி, பெரிய வீதியில் ஆட்டம், இறகுப்பந்துப் போட்டி. எங்கே போனாலும் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவள் மாதிரிதான் போனாள். இது அவருக்கு, அது அவருக்கு. தனக்கென்று ஒரு வாய் ஐஸ்கிரீம்கூட அவள் தின்றதாகத் தெரியவில்லை. என் நாக்குக்காகத் தின்றாள், அதனால் என் நாக்கில் ஐஸ்கிரீம் கண்ணீர்போலக் கரித்தது. நானும் விடாமல், "ஆகா" என்றும் "அருமை" என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு அவள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். முகமெல்லாம் சிவந்து, பூ ஒரு பக்கம் தொங்க, மூச்சு வாங்க நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க மாமா. போன கொஞ்ச நேரத்துலயே பீப்புன்னு ஒரு சத்தம், சார்ஜ் போயிருச்சு. இன்னைக்கு உங்களுக்கு ஒன்னும் இல்லீங்க."

"சரி, விடு. நீ என்ன பண்ணுன?"

"நான் என்ன பண்றது? சும்மா ஒரு பெஞ்சுல உக்காந்துட்டு வந்தனுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையல் அறைக்குள் நுழைந்துகொண்டாள். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் பொய்யே அவளுக்காகக் கூச்சப்படும். பெஞ்சில் உட்கார்ந்து வந்தவளுக்கு எதற்கு மூச்சு வாங்குகிறது? எனக்கு ஒரே குறுகுறுப்பு.

மறுநாள் நஸ்ரீன் வந்தாள். வாணி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். வில்லையைச் சோதித்துப் பார்த்த நஸ்ரீன், "முழுசும் பதிவாகியிருக்குங்ணா. அந்த பீப் சார்ஜ் போறதுக்கு இல்ல. உள்ள இருக்கற ரெண்டாவது பேட்டரிக்கு மாறுதுன்னு அர்த்தம். அக்கா தப்பா நினைச்சுட்டாங்க" என்றாள்.

"போடு" என்றேன்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை…"

"போடு புள்ளே."

திடலுக்குள் நுழைந்தேன். நெஞ்சில் வழக்கமான கல். பலூன்காரன், பஞ்சு மிட்டாய், கல். பிறகு காதருகே பீப் என்று சத்தம் கேட்டது. "அட, போயிருச்சா!" என்று வாணியின் குரல். கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சோடு கல் உருண்டு போய்விட்டது. நான் திகைத்துப்போனேன். இவ்வளவு லேசாக ஒரு நெஞ்சு இருக்க முடியுமா?

நேராகக் காளான் கடைக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் ரோட்டோரம் பெரிய தோசைக்கல்லில் மசாலாவோடு கொத்திக்கொண்டே இருப்பார்களே, அந்தக் காளான். "காரம் தூக்கலா போடுங்ணா" என்றாள். மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவிக் கொடுத்ததை, கண்ணில் நீர் வர வர, ஸ் ஸ் என்று சொல்லிக்கொண்டே தின்று, தட்டை விரலால் வழித்தாள். யாருக்காகவும் இல்லை. பசித்தது, தின்றாள். எனக்குப் பசித்தது, தின்றேன். விழுந்ததற்குப் பிறகு அப்படி ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

அடுத்து டேஷிங் கார். ஒன்றையொன்று மோதித் தள்ளும் மின்சாரக் கார் விளையாட்டு. முந்தைய வாரங்களில் நாலைந்து தடவை அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு, "இந்த வயசுல எனக்கெதுக்கு" என்று முணுமுணுத்துத் திரும்பி வந்தவள், இப்போது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மணி அடித்தது. காலால் அழுத்தினாள்.

என் கால் அழுத்தியது. சத்தியமாக, என் வலது பாதம் அந்த இரும்புக் கட்டையை மிதித்தது. முந்தைய ஞாயிறுகளிலும் அவள் கால்கள் நடந்திருக்கின்றன. ஆனால் அவை பொறுப்புள்ள கால்கள். இது விளையாட்டுக் கால். கார் பாய்ந்தது. எதிரே எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். தண்ணீர் விஷயத்தில் வாணியை நாலு பேர் முன்னால் எடுத்தெறிந்து பேசிய ஆள். "வா மவனே, வா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இடி இடித்தாள் பாருங்கள்! அந்த மனிதர் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்றது. பேரன் கைதட்டினான். வாணிக்கு வயிற்றின் அடியிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. கார் நின்ற பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. மறுபடி சீட்டு வாங்கி மறுபடி ஏறினாள்.

அத்தனை நேரத்தில் அவள் என்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. உள்ளேயே இருந்தவன் சொல்கிறேன், ஒரு தடவைகூட. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? நான் இல்லாமல் அவளுக்கு இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது. அதே சமயம் எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. அவள் மனதில் கட்டில் இல்லாதபோது நானும் கட்டிலில் இல்லை. விழுந்த நாளுக்குப் பிறகு நான் வீட்டை விட்டு வெளியே போன முதல் சாயங்காலம் அதுதான்.

கண்ணைத் திறந்தபோது நஸ்ரீன் என் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புத்தி வியாபாரப் பக்கம் ஓடியது.

"நஸ்ரீன், அந்த பீப்பைச் சீக்கிரமா அடிக்க வெக்க முடியுமா? ஒவ்வொரு வாரமும்? அணைஞ்சிருச்சுன்னு அவ நினைச்சுக்கட்டும். பதிவு மட்டும் ஓடட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "முடியுமுங்ணா. ஆனா அது திருட்டு இல்லீங்களா?"

"அவளுக்கு என்ன குறையப் போகுது? அவ சந்தோஷமா இருப்பா. நானும் இருப்பேன். யாருக்கும் நட்டம் இல்ல."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சாத்தானே?"

மனை விற்ற வாய். அரை மணி நேரம் பேசினால் ஏரிக்குள்ளேயே மனை வாங்க வைத்துவிடுவேன். நஸ்ரீன் சின்னப் பெண், என் கண்ணீரை வேறு பார்த்துவிட்டாள். மனமில்லாமல் ஒத்துக்கொண்டு, தன் போனில் ஏதோ தட்டினாள். வாணி மாடியிலிருந்து இறங்கி வந்ததும் நான் எடுத்துக் கொடுத்த கதையையும் சொன்னாள்.

"அக்கா, பேட்டரிக்கு வயசாயிருச்சு. இனிமே பாதியிலயே பீப் அடிச்சு நின்னுக்கும். உடனே வீட்டுக்கு ஓடி வந்துராதீங்க. உடம்புச் சூட்டுல, வெளிக்காத்துல கொஞ்ச நேரம் இருந்தாத்தான் அடுத்த வாரத்துக்குத் தாங்கும்."

வாணி யோசித்தாள். "அடுப்புப் பக்கம் நின்னா ஒன்னும் ஆகாதுல்ல? இந்தக் காளான் கடை அந்த மாதிரி?"

"ரொம்ப நல்லதுங்கக்கா" என்றாள் நஸ்ரீன், என்னைப் பார்க்காமல்.

அந்த வாரம் முழுக்க நான் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக் கிடந்தேன். வாணியும் காத்திருந்தாள் என்பது தெரிந்தது. சோறு ஊட்டும்போது வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். சாப்பாட்டில் உப்புக்கூடச் சரியாக விழுந்தது.

ஞாயிறு வந்தது. வாணி கிளம்பி, வில்லையை ஒட்டிக்கொண்டு, வாசல் வரை போனாள். போனவள் திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் இருந்த பையை இப்படியும் அப்படியும் மாற்றினாள்.

"ஏனுங்க மாமா."

"என்ன அம்மிணி?"

"பீப் அடிச்சதுக்கு அப்புறம்… அந்த நேரம் உங்களுக்கு வராதுல்லங்க? நெசமாலுமே வராதுல்ல?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஆற்றுக்குக் குளிக்கப் போன பிள்ளை வந்து கேட்கிற மாதிரி இருந்தது. அவளிடம் இருப்பது அந்த ஒரு துண்டு நேரம்தான். பகலும் ராத்திரியும் மற்ற எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொண்டாயிற்று. அதையும் ஓட்டை போட்டுப் பார்க்கவா?

"வராது" என்றேன். "அது உனக்கு மட்டும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். நான் சொன்ன ஒன்று பொய்யாகிவிடக் கூடாதே என்று பதறியது அன்றைக்குத்தான்.

"டேய், நஸ்ரீனுக்குப் போன் போட்டு என் காதுல வை" என்றேன் தம்பியிடம்.

"சொல்லுங்ணா."

"பீப் அடிச்சதும் நெசமாவே நின்னுறணும். ஒரு துளி பதிவாகக் கூடாது. இப்பவே பண்ணு, அவ திடலுக்குப் போறதுக்குள்ள."

எதிர்முனையில் போனைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பண்ணிட்டனுங்ணா" என்றாள். "அந்தப் பழைய பதிவு பெட்டியில இருக்கு. அதை வேணும்னா நீங்க வெச்சுக்கலாம். அதுதான் ஏற்கெனவே பாத்துட்டீங்களே."

காளானின் காரம் நாக்கில் ஏறியது. என் வலது பாதம் எங்கேயோ இருப்பது போல இருந்தது.

"அதையும் அழிச்சுரு."

"அழிச்சா திரும்ப வராதுங்ணா."

"தெரியும். அழிச்சுரு தாயி."

அழித்துவிட்டாள். நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு அழுதேன். தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை, நல்லவன்.

இனி எனக்குக் கிடைக்கப்போவது பீப்புக்கு முந்தைய பாதிதான். கல்லைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பாதி. வாரம் ஒருமுறை அதைச் சுமந்தால்தான் அவளுக்கு மற்ற பாதி கிடைக்கும் என்றால் சுமக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வாணி திரும்பி வந்து வில்லையைப் பெட்டியில் வைத்தாள். அவள் மேலே மசாலா வாசனை அடித்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

குட்டையின் நடைபாதை. கால்கள் வேகமாக நடக்கின்றன. கல்லைத் தேடினேன். இருந்தது, ஆனால் பாக்கு அளவுக்குச் சிறுத்திருந்தது. அதன் இடத்தில் வேறு ஏதோ ஒன்று ஊறியது. என்ன இது? மணி அடிக்கப்போகிறது என்று கடைசி வகுப்பில் கால் ஆட்டிக்கொண்டிருப்போமே, அது! அவள் பீப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வாத்துப் படகைக் கடமைக்கு ஒரு பார்வை. பலூன்காரனைக் கடமைக்கு ஒரு பார்வை. காற்றில் மசாலா வாசனை வந்ததும் மனம் அங்கே தாவியது. அப்போது, பதிவு ஓடிக்கொண்டிருப்பதையே மறந்து, அவள் வாய்விட்டு முணுமுணுத்தாள்:

"இந்த மனுசனுக்கு இன்னும் எத்தனை நேரந்தான் குட்டையைக் காட்டிட்டே இருக்கறது? எழவு, அடிக்க மாட்டேங்குதே!"

சுள்ளென்று ஏறியது எரிச்சல். என் மேல்! அசல், கலப்படமில்லாத எரிச்சல்! கல்யாணமான நாளிலிருந்து தினமும் என்னைத் திட்டாமல் தூங்காதவள், நான் விழுந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டுவதற்குரிய ஆளாக நான் இல்லாமல் போயிருந்தேன். இப்போது திட்டுகிறாள். பீப் என்றது, எல்லாம் இருண்டது, நான் வாய் விட்டுச் சிரித்தேன்.

வாணி கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னங்க மாமா, என்ன ஆச்சு?"

"ஒன்னும் இல்ல. குட்டை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ருசி கண்டுவிட்டேனே. "அடுத்த வாரம் மெதுவா நட. ரெண்டு சுத்துப் போ. அப்படியே மேக்கால விநாயகர் கோயிலுக்கும் போய், பிராகாரத்தைச் சுத்தி, ஒவ்வொரு தூணா நின்னு காட்டு."

அவள் முகம் மாறியது. மூக்கு விடைத்தது. கரண்டி மேலே போனது.

"தூணா? கிடந்த கிடையில உங்களுக்கு எத்தனை அதிகாரம்!"

சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கை வாய்க்குப் போயிற்று. கிடந்த கிடை என்ற அந்த வார்த்தையை இந்த வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள்கூட என் காதில் விழாமல்தான் சொல்வார்கள். அவள் கண் நிறைந்தது. குழம்புக் கரண்டியிலிருந்து துளித்துளியாகத் தரையில் சொட்டியது.

"இன்னொருக்கா சொல்லு" என்றேன்.

"மாமா, நான் ஏதோ வாய் தவறி…"

"சொல்லு அம்மிணி. எத்தனை நாளாச்சு!"

என்னை உற்றுப் பார்த்தாள். நான் சிரிப்பதைப் பார்த்தாள். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது, முதலில் அழுகைக்கு, பிறகு அப்படியே மறுபக்கம் போய்விட்டது.

"தூணெல்லாம் காட்ட முடியாது. வேணும்னா எந்திரிச்சுப் போய்ப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சேலையெல்லாம் குழம்பாகிவிட்டது.